சயாமுக்குப் போனவர்களுக்கு இன்னொரு கல் எதற்கு?

கேட்டவர்: பிறை ஆற்றுக்காரர், 2 ஜூலை 2025

பினாங்கு எஸ்பிளனேட் போர் நினைவுத் தூணில் சயாம் மரண ரயிலுக்கென்று, அதாவது ஜப்பானியர் காலத்தில் சயாமுக்கு (தாய்லாந்துக்கு) ரயில் பாதை போடப் போய் மாண்டவர்களுக்கென்று, ஒரு வரி ஏற்கனவே இருக்கிறது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நடுகல்லும் நட்டாகிவிட்டது. பினாங்கில் தனியாக ஒரு நினைவுச்சின்னம் வேண்டும் என்று இங்கே சிலர் கிளம்பியிருப்பது எனக்கு விளங்கவில்லை. எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. போனவர்களை நேரில் கண்டவர்களே இன்று விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். அந்தப் பணத்தைத் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கொடுத்தால் உயிரோடு இருக்கிற பிள்ளைகளுக்காவது உதவும். யாராவது கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

கிராணி மகன், 3 ஜூலை

கோபப்படாமல் என்னால் முடியாது. தமிழ்ப்பள்ளியை இதில் இழுக்காதீர்கள். கலியாணத்துக்கு எழுநூறு பேருக்கு இலை போடும்போது யாருக்கும் தமிழ்ப்பள்ளி ஞாபகம் வருவதில்லை. செத்தவர்களுக்கு ஒரு கல் என்றதும் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுக ஆரம்பித்துவிடுகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் சேர்த்துவிட்டார்கள். வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் இறந்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்குக் குறையாது. அவர்களில் ஏறக்குறைய தொண்ணூறாயிரம் பேர் திரும்பவில்லை என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி நம் ரப்பர்த் தோட்டத்துச் சனம். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஒவ்வொரு சிலிப்பர் கட்டைக்கும் ஓர் உயிர் என்று என் பாட்டி சொல்வார்.

பன்னிரண்டாயிரத்தைப் பற்றி உலகத்துக்கே தெரியும். தொண்ணூறாயிரத்துக்கு ஒரு வரி. அது போதும் என்கிறீர்கள்.

கிராணி மகன், 4 ஜூலை

கட்டைக் கணக்கு சரியில்லை என்று ஒருவர் இடித்துக் காட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி. 415 கிலோமீட்டருக்குக் கட்டைகள் லட்சக்கணக்கில் வேண்டும். பாட்டி சொன்னது ஒப்பாரிக் கணக்கு, எஞ்சினியர் கணக்கில்லை. நான் இரண்டையும் ஒரே பத்தியில் போட்டிருக்கக் கூடாது.

கிராணி மகன், 6 ஜூலை

நேற்று ஞாயிறு இல்லாததால் எஸ்பிளனேடில் வண்டி நிறுத்த இடம் கிடைத்தது. பல ஆண்டுகளாக அந்தத் தூணைக் கடந்து போயிருக்கிறேன், நின்று படித்ததில்லை. குலுகோரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

1929-இல் முதல் உலகப் போருக்காகக் கட்டியது. இரண்டாம் போரில் இடிந்து, 1948-இல் மறுபடியும் எழுப்பினார்கள். பலகையில் முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர், கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த மலாயா அவசரகாலம், இந்தோனேசிய மோதல் என்று வரிசை போகிறது. நடுவில் சயாம் மரண ரயில். ஆற்றுக்காரரே, நீங்கள் சொன்னது பொய்யில்லை. இருக்கிறது. ஆனால் கவனித்தீர்களா? மற்றவையெல்லாம் சண்டைகள். துப்பாக்கி பிடித்தவர்களின் வரிசையில் மண்வெட்டி பிடித்தவனைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். கௌரவம்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் கலியாண வீட்டில் மாப்பிள்ளை சொந்தங்களுக்கு நடுவே தெரியாமல் உட்கார்ந்துவிட்ட தூரத்து உறவுக்காரனைப் போல இருக்கிறான்.

பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. 1941 டிசம்பரில் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிவிட்டு ஊரைக் கைவிட்டபோது, அங்கே பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் ஒரு பத்திரிகை ஆசிரியர், இலங்கைத் தமிழர் சரவணமுத்து. ஊரில் படை இல்லை, குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் ஜப்பானியருக்குச் சொன்னவரும் அவர்தான். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தப் பக்கம் போதாது. இன்னொரு நாள்.

ஆயர் ஈத்தாமுக்கும் போனேன். சீனர்கள் 1951-இல் எழுப்பிய நினைவுத்தூண் அங்கே இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் கொல்லப்பட்டவர்களின் எச்சங்களைத் தேடி எடுத்து வைத்துக் கட்டினார்கள். போர் முடிந்து ஆறே ஆண்டுகள். அப்போது அவர்களும் பணத்தில் மிதந்துகொண்டிருக்கவில்லை. அவர்களுக்கும் சீனப்பள்ளிகள் இருந்தன.

கிராணி மகன், 8 ஜூலை

காஞ்சனபுரிக்குப் போயிருக்கிறீர்களா என்று இருவர் கேட்டார்கள். 2017-இல் போனேன். பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார், அங்கிருந்து தாய்லாந்து ரயில். போனவர்களும் இதே தண்டவாளத்தில்தான் போனார்கள். அவர்களுக்குச் சரக்குப் பெட்டி. எனக்குக் குளிர்சாதனப் பெட்டி, இரவில் போர்வை போதவில்லை என்று முணுமுணுத்தேன். விடியற்காலையில் அது உறைத்ததும் போர்வையை மடித்து வைத்துவிட்டேன். அதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்காதீர்கள்.

ஊர் நடுவில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம். 6,982 பேர். மழித்த புல், ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு தகடு. பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. 24, 27, 22. வெயிலில் நடந்து நடந்து படித்தேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. அந்தப் பையன்களின்மேல் எனக்கு ஒரு பொறாமையும் வந்தது. செத்தவனைப் பார்த்துப் பொறாமைப்படுவது என்ன பிறவி என்று தெரியவில்லை.

அவர்களுக்கு எப்படித் தேதி கிடைத்தது என்று பிறகுதான் தேடிப் படித்தேன். முகாமில் அவர்களுக்கென்று அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். இறந்தவனின் பெயரை எழுதி ஒளித்து வைத்தார்கள். 1945 செப்டம்பரில், சண்டை ஓய்ந்து சில வாரங்களே ஆன நிலையில், பதின்மூன்று பேர் கொண்ட ஒரு குழு அந்தக் குறிப்புகளோடு பாதை நெடுகப் போய் 144 இடுகாடுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகளையும் அடையாளம் கண்டது.

நம்மவர்களுக்கு அதிகாரி இல்லை, மருத்துவர் இல்லை. 1943 மே, ஜூனில் மழையோடு வாந்திபேதி வந்தபோது ஒருவரையொருவர் விட்டு ஓடினார்கள். பென்சில் வைத்திருந்தவன் யார்? வைத்திருந்தாலும் யாரிடம் கொடுப்பான்?

வாட் தாவோர்ன் கோயில் வளாகத்தில் பெயரற்ற தொழிலாளர்களின் எலும்புகளுக்கு மேல் கட்டிய ஒரு பகோடா இருக்கிறது. நான் போனபோது ஊதுவத்தி ஏற்ற அங்கே வேறு யாரும் இல்லை. ஆற்றுக்காரர் சொன்ன நடுகல் அந்த வளாகத்தில்தான் வந்திருக்கிறது. நான் இன்னும் பார்க்கவில்லை. 1990 நவம்பரில் அந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. அதுவரை அவர்கள்மேல் பயிர் விளைந்துகொண்டிருந்தது.

கிராணி மகன், அதே இரவு

சொல்ல மறந்தது. காஞ்சனபுரியில் அந்த ரயில் போகும் ஆற்றுப் பாலத்தருகில் மரண ரயில் என்று அச்சடித்த சட்டை விற்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பாலத்துக்கு ஒளி அலங்காரம், வாணவேடிக்கை எல்லாம் உண்டு. ஒரு சினிமா வந்து உலகமெல்லாம் ஓடியதும், படத்தில் வரும் ஆறு எங்கே என்று கேட்டு ஆட்கள் வந்து இறங்கினார்கள். பாலம் நின்றது வேறு பெயருள்ள ஆற்றின்மேல். அதனால் 1960-இல் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டார்கள். ஆற்றுக்குப் பெயர் மாற்ற முடிந்திருக்கிறது!

நானும் ஒரு சட்டை வாங்கினேன். சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உறுத்தும்.

கிராணி மகன், 10 ஜூலை

ஜப்பான்காரனே அங்கே தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறான், அதைப் பார்க்கவில்லையா என்று கோலாலம்பூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். பார்த்தேன். பார்த்தும் எழுதாமல் விட்டேன், ஏனென்றால் அது என் வாதத்துக்கு இடைஞ்சலாக இருந்தது.

பாலத்திலிருந்து நடக்கும் தூரத்தில், 1944-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ரயில் போட்ட ஜப்பானியப் படை எழுப்பிய தூண் அது. சுற்றிலும் மூலைகளில் பல மொழிகளில் பலகைகள். அவற்றில் ஒன்று தமிழ். அடித்து வேலை வாங்கியவனே எழுப்பிய கல்லில் நம் மொழி இருக்கிறது. விடுவித்தவர்கள் அமைத்த கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கூலிகளுக்கு இடமில்லை. இதை எந்தப் பக்கம் வைத்து யோசிப்பது என்று எட்டு ஆண்டுகளாக எனக்குப் பிடிபடவில்லை. அந்தத் தமிழ்ப் பலகைக்கு முன்னால் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றேன். கழற்றவில்லை.

கிராணி மகன், 13 ஜூலை

இவ்வளவு காலம் நாம் ஏன் பேசாமல் இருந்தோம் என்ற கேள்விக்கு ஆளாளுக்குப் பதில் சொல்லியிருக்கிறீர்கள். ஏழ்மை, படிப்பில்லை, தலைவர்கள் சரியில்லை. எல்லாம் உண்மை. எங்கள் வீட்டுக் காரணம் வேறு.

வீட்டு முன் அறையில் சாமிப் படங்களுக்கு அடுத்து நேதாஜியின் படம் இருந்தது. தாத்தா மாட்டியது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து, ஜப்பானியர் துணையோடு நடந்த இந்திய விடுதலை இயக்கத்துக்குத் தலைமை ஏற்றார். தோட்டத்துச் சனம் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்தது. பால் வெட்டிய பெண்கள் துப்பாக்கி தூக்கினார்கள். அதே ஜூலையில் சயாம் காட்டில் அவர்களுடைய அண்ணன் தம்பிகள் பேதியில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு கையால் நேதாஜிக்கு மாலை போட்டுக்கொண்டு மறு கையால் ஜப்பான்காரனை எப்படிச் சபிப்பது? தாத்தா சபிக்கவில்லை. சயாம் என்ற சொல் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

நேதாஜியைக் குறை சொல்கிறேனா என்று சண்டைக்கு வராதீர்கள். அந்தப் படம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. இந்திய தேசிய ராணுவத்தில் மாண்டவர்களுக்காக 1945 ஜூலையில் அவர் சிங்கப்பூர் கடற்கரையில் நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் செய்த முதல் வேலைகளில் ஒன்று அதை வெடிவைத்துத் தகர்த்தது. சில வாரங்களே நின்ற கல். கல் வேண்டாம் என்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஒன்றுக்கும் உதவாத பொருளை யாரும் வெடிமருந்து செலவழித்து உடைப்பதில்லை. 1995-இல் அந்த இடத்தை அடையாளமிட்டிருக்கிறார்கள்.

கிராணி மகன், 14 ஜூலை

நஷ்டஈடு பற்றிக் கேட்டவருக்கு. 1967-இல் ஜப்பானும் மலேசியாவும் ஒப்பந்தம் போட்டன. இரண்டரைக் கோடி வெள்ளி (மலேசிய டாலர்) மதிப்பில், இரண்டு சரக்குக் கப்பல்களாக. எங்கள் வீட்டுக்கு அதில் ஆணிகூட வரவில்லை.

கிராணி மகன், 18 ஜூலை

சுங்கை பட்டாணிக்குப் போய் அத்தையைப் பார்த்தேன். 88 வயது. காது மந்தம், ஞாபகம் மந்தமில்லை. இந்த விவாதத்தைப் படித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தி, நீ உன் சின்னத் தாத்தாவைப் பற்றி ஊருக்கெல்லாம் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாய் என்றார்.

நான் சொல்லிவந்தது இது: இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிப்போய், கொட்டகைக் கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றிவிட்டார்கள். அப்படி நடந்திருக்கிறது, பல ஊர்களில் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் சின்னத் தாத்தாவுக்கு நடந்தது அதுவல்ல. அவர் தானாகப் போனார். நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்னார்கள். தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோய் மரவள்ளிக்கிழங்கும் சாக்குத் துணியுமாக இருந்த காலம். அதற்கு முந்தின வாரம் ஓர் ஆட்டை விற்ற காசு விஷயத்தில் தாத்தாவுக்கும் அவருக்கும் வாய்த் தகராறு. உன் ஆட்டுக்காசைச் சயாமிலிருந்து கொண்டுவந்து முகத்தில் எறிகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெயர் கொடுத்தார்.

தாத்தா எழுந்து வெளியே போனது நேதாஜிக்காக இல்லை போலிருக்கிறது. 13-ஆம் தேதி நான் எழுதியதைப் படிப்பவர்கள் இதையும் சேர்த்துப் படியுங்கள். அழிக்கப்போவதில்லை, எங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் வேறு வீடுகளுக்கு அது பொருந்தலாம்.

வண்டி ஓட்டித் திரும்பும்போது யோசித்தேன். ஆட்டுக்காசுச் சண்டையில் போனவரை எந்தக் கல்லில் எழுதுவது? எங்கே பார்த்தாலும் தியாகிகள், வீரர்கள் என்றே செதுக்குகிறார்கள். அவர் இரண்டும் இல்லை. ரோஷக்காரர். ஏமாந்தவர். அவ்வளவுதான். அவரைத் தியாகி ஆக்கினால் எனக்குத் தெரியாத வேறு யாரோ ஆகிவிடுவார்.

கிராணி மகன், 19 ஜூலை

"பெயர் கொடுத்தார்" என்று நேற்று எழுதினேன். யாரிடம் கொடுத்தார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஆள் மேய்க்கும் கங்காணியிடமும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடமும்தான். தோட்டத்துக்கு இத்தனை தலை என்று ஜப்பானியர் கேட்டபோது வரிசை எழுதியவன் தமிழ் தெரிந்தவன். தனக்கு வேண்டாதவனை முதலில் எழுதியவர்கள் உண்டு, குழந்தைகுட்டிக்காரனை விட்டுவிட்டுத் தனிக்கட்டையை எழுதியவர்களும் உண்டு. எங்கள் அப்பா கிராணியானது போருக்குப் பிறகு வெகுகாலம் கழித்து. ஆனாலும் இந்தப் புனைபெயரை வைத்துக்கொண்டு நான் அதைச் சொல்லாமல் போக முடியாது.

கிராணியிடம் செக்ரோல் இருக்கும். ஆளின் பெயர், எண், வேலைக்கு வந்த நாள், வராத நாள். மலாயாத் தோட்டங்களில் பெயரில்லாத கூலி ஒருவன்கூட இருந்ததில்லை. சம்பளம் போட வேண்டுமே! சயாமில்தான் அவர்கள் பெயரற்றவர்கள். இங்கே ஒவ்வொருவனும் ஒரு வரியில் இருந்தான்.

1979-இல் எங்கள் தோட்டம் கைமாறியது. வாங்கியவர்களுக்கு நிலம் வேண்டும், காகிதம் வேண்டாம். எனக்குப் பதினாறு வயது. அப்பா கூப்பிட்டார். ஆபீசின் பின்கட்டிலிருந்த பழைய புத்தகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, ஸ்டோருக்குப் பின்னால் கொண்டுபோய் எரித்தோம். நீளமான புத்தகங்கள், மூலையில் சிவப்புத் தோல், செல்லரித்தவை. இரண்டு நாள் எரிந்தது. அப்பா ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் நின்றபடி கொஞ்ச நேரம் புரட்டினார். பிறகு அதையும் போட்டார். எனக்கு ஐந்து வெள்ளி கொடுத்தார். பட்டர்வொர்த்தில் படம் பார்த்தேன்.

ஆற்றுக்காரரே, கல் எதற்கு என்று கேட்டீர்கள். கோபமாகப் பதில் சொன்னவன் நான்.

கிராணி மகன், 20 ஜூலை

நேற்று எழுதியதில் கொஞ்சம் நாடகம் சேர்ந்துவிட்டது. அந்தக் குவியலில் ஜப்பானியர் காலத்துப் புத்தகம் எதையும் நான் என் கண்ணால் பார்க்கவில்லை. நான் தூக்கியவற்றில் பெரும்பாலும் ஐம்பதுகளுக்குப் பிந்தியவை. அப்பா எதைப் புரட்டினார் என்று கேட்டதில்லை, கேட்க இப்போது அவர் இல்லை. ஆறுதல் சொல்லி எழுதிய மூன்று பேருக்கும் நன்றி, ஆனால் வேண்டாம்.

கல்லுக்கு முன்னால் பட்டியல். இதைத்தான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். காஞ்சனபுரியில் அந்த 6,982 தகடுகளையும் முதலில் எழுதியது பென்சில். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிழவி இருக்கிறார், ஒரு பெயர் இருக்கிறது. நாற்பது பெயர் சேர்ந்தாலும் போதும். அதற்குப் பிறகு சலவைக்கல்லா சிமெண்டா என்று அடித்துக்கொள்ளலாம். அடித்துக்கொள்ளாமல் நம்மால் எதையும் கட்ட முடியாது.

கிராணி மகன், 24 ஜூலை

ஆடி அமாவாசை. கடற்கரையில் நல்ல கூட்டம். ஐயர் பெயர், கோத்திரம், இறந்த திதி கேட்டார். சின்னத் தாத்தாவுக்குத் திதி கிடையாது, அதனால்தான் எங்கள் வீட்டில் அவருக்கு என்றும் ஆடி அமாவாசை. சயாம் என்றேன். ஐயர் இளைஞர், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். சயாம் எந்த ஊர் என்று கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு சீனர் மனைவியிடம் எதையோ சொல்லி என்னைக் காட்டினார். தமிழ்ப் பெண்ணை மணந்தவர் போலிருக்கிறது. அந்த அம்மாள் என்னிடம் வந்து, எங்கள் வீட்டிலும் இரண்டு பேர் என்றார். பெயர் வாங்கிக்கொண்டேன்.

ஆற்றுக்காரர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். அதை இங்கே போடமாட்டேன். பட்டியலில் ஒன்று கூடியிருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

கிராணி மகன், 3 ஆகஸ்ட்

இதுவரை பதினொன்று. இரண்டு பெயர்களில் தகப்பன் பெயரும் இருக்கிறது, ஒன்றில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருக்கிறது, ஆளின் பெயர் இல்லை. அதையும் எழுதிக்கொண்டேன்.

பட்டியலைத் தொடங்கியவன் வீட்டுப் பெயர் எங்கே என்று கேலி செய்கிறீர்கள். நியாயம். சின்னத் தாத்தாவை வீட்டில் எல்லோரும் நெட்டை என்றுதான் சொன்னார்கள். அவருடைய நிஜப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. அமாவாசையன்று ஐயரிடமும் நெட்டை என்றே சொன்னேன், அவர் ஒரு கணம் நிறுத்திவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

கிராணி மகன், 5 ஆகஸ்ட்

காலையில் அத்தை தொலைபேசியில் கூப்பிட்டார். பெயர் ஞாபகத்துக்கு வந்துவிட்டதாம். எழுதிக்கொண்டேன். மதியம் மறுபடியும் கூப்பிட்டார். அது உங்கள் தாத்தா பெயர், மாற்றிச் சொல்லிவிட்டேன், அடித்துவிடு என்றார்.